சோயாவின் மேல் விழுந்த பழி

எங்கள் முன்பள்ளியில் செவ்வாய்க்கிழமை கஞ்சி, வியாழக்கிழமை சோறும் சோயா மீற் கறியும். தாய்மார் முறைவைத்துச் சமைப்பார்கள். முன்பு வியாழனில் முட்டை கொடுத்தோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் முட்டை விலை எங்கள் கைக்கு எட்டாமல் போனபோது சோயாவுக்கு மாறினோம். பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். இறைச்சி என்று நினைத்துச் சாப்பிடுகிற பிள்ளையும் உண்டு. நான் திருத்துவதில்லை.

கடந்த மாதம் ஒரு தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ரீச்சர், என்ர பொடியனுக்கு மட்டும் சோயா போடாதேங்கோ. வெறும் சோறெண்டாலும் பரவாயில்லை."

"ஏன், ஒத்துக்கொள்ளாதோ?"

"ஒத்துக்கொள்ளும். ஆம்பிளைப் பிள்ளையெல்லே..." என்று குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு அவனுக்கொரு குடும்பம் வரேக்க குறை வந்திடக் கூடாது."

பக்கத்தில் நின்ற இரண்டு தாய்மாரும் தலையாட்டினார்கள். அவர்களுக்குப் பெண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் தின்னலாமாம், அதில் ஒன்றுமில்லையாம்.

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. அந்தக் கதை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து இருந்துவிட்டுப் போன கதை. அதை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. வெட்கந்தான் காரணம். இப்போது எழுதுவதற்கு என் கணவரிடம் கேட்டேன். "பேர் போடாமல் எழுது" என்றார்.

நாங்கள் 2008 தை மாதம் வன்னியில் கலியாணம் செய்தோம். எனக்கு அப்போது 22 வயது, அவருக்கு 27. அடுத்த வருடம் வைகாசியில் மனிக் பாம் முகாமில் இருந்தோம். தரப்பாள் கூடாரம். நிவாரணத்தில் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் வரும். பிறகு உதவிப் பொதிகளில் சோயா மீற் பக்கற்றுகளும் வரத் தொடங்கின. மரக்கறியைக் கண்ணால் காணாத நாட்கள் அவை. முதல் கிழமை என்னவர், "இறைச்சிக் கறி மாதிரியே இருக்கடியப்பா" என்று சட்டியை வழித்துச் சாப்பிட்டார். ஆறாம் மாதத்தில் அந்த மணம் வந்தாலே கூடாரத்துக்கு வெளியே எழும்பிப் போய்விடுவார்.

தண்ணீர் வரிசையில்தான் அந்தப் பேச்சை முதலில் கேட்டேன். "இதுக்குள்ள மருந்து கலந்துதான் தருகினம். எங்கட சனம் இனிப் பெருகக் கூடாதெண்டு." அப்படிச் சொன்னவர்களை நான் இன்றைக்கும் பரிகசிக்க மாட்டேன். கம்பி வேலிக்குள் இருந்துகொண்டு, யாரோ தருகிற பொதியைப் பிரித்துச் சமைக்கிற மனிசருக்கு எந்தப் பயமும் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் 2010 ஆவணியில் முகாமை விட்டு வெளிக்கிட முன்னர் எங்கள் வரிசையில் மட்டும் மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றும் முகாமில் உண்டான பிள்ளைகள். அவர்களின் தகப்பன்மாரும் அதே சோயாவைத்தான் தின்றார்கள். அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மீள்குடியேறி வந்த பிறகு அவருக்குக் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. விறகுப் போறணை. இரவு எட்டு மணிக்குப் போனால் விடிய ஆறு மணிக்குத்தான் வருவார். போறணை வாயில் நின்று பாண் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் இழுப்பதும் அவருடைய பொறுப்பு. நித்திரை முறிக்கப் பீடி.

எனக்கு வேறு வேலை கிடைத்தது. பிள்ளை ஏன் இல்லை என்று பதில் சொல்கிற வேலை.

மாமி கெட்ட மனிசி இல்லை. யுத்தத்தில் ஒரு மகளைப் பறிகொடுத்தவர். அந்த மகளின் இரண்டு பிள்ளைகளும் எங்களோடுதான் வளர்ந்தார்கள். ஆனால் மகனுக்கு ஒரு வாரிசு இல்லை என்ற கவலை அவர் வாயில் மலடி என்ற சொல்லாக வந்தது. நேரே சொல்லமாட்டார். கோழியைப் பார்த்துச் சொல்லுவார், கன்று போடாத மாட்டைப் பார்த்துச் சொல்லுவார். சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது ஆலாத்தி எடுக்க எழும்பிய என் கையை யாரோ மெல்லப் பிடித்து இருத்தினார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

விரதம் பிடித்தேன், நேர்த்தி வைத்தேன், நாட்டு மருந்து குடித்தேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் செய்தார்கள். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த நோவை எழுத விரும்பவில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எல்லாம் சரியென்றுதான் றிப்போட் வந்தது. ஒவ்வொரு முறையும், "அடுத்த தரம் கணவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லியனுப்புவார்கள். வீட்டில் வந்து சொன்னால், இரவு வேலை முடித்துப் படுத்திருக்கிறவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பார். "எனக்கென்ன குறை? உனக்குத் தெரியாதோ?" என்பார். எனக்குத் தெரிந்த அந்த விசயமும் விந்தணு எவ்வளவு இருக்கிறது என்பதும் இரண்டு வேறு காரியங்கள் என்று அப்போது எனக்கே தெரியாது. அவரை எப்படிக் குறை சொல்வது?

அந்த வருடங்களில் பக்கத்து வளவு அக்காவுக்கு நடந்ததைக் கண்டு நான் பயந்துபோயிருந்தேன். ஏழு வருடம் குடும்பம் நடத்திய மனிசன், பிள்ளை இல்லை என்று 2012இல் அவவை விட்டுவிட்டுப் போய் வேறு ஊரில் இன்னொரு பெண்ணைக் கட்டினார். ஒரு பரிசோதனையும் அவர் செய்யவில்லை. அங்கேயும் பிள்ளை இல்லை என்று பின்னர் கேள்விப்பட்டோம். ஆனால் அக்காவோடு ஒட்டிய சொல் ஒட்டியதுதான். அவ இப்போதும் தனியாகத்தான் கோழி வளர்த்துச் சீவிக்கிறா.

2014ஆம் ஆண்டு ஒரு காலை அவர் பேக்கரியால் வந்தார். நான் சோயாக் கறியும் பிட்டும் வைத்தேன். தட்டைத் தள்ளினார். தள்ளினார் என்றால், பிட்டு நிலத்தில் கொட்டுமளவுக்குத் தள்ளினார். அங்கே வேலை செய்கிற பெடியள் கைபேசியில் எதையோ பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். "முகாமில ஒண்டரை வருசம் சோயா திண்டவனுக்கு எப்பிடியடா பிள்ளை வரும்? அமெரிக்காவிலயே கண்டுபிடிச்சிட்டாங்கள்" என்று.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. "அப்ப என்ர பிள்ளையில குறையில்லை. அந்த நாசமாய்ப் போன முகாம் சாப்பாட்டிலதான் குறை" என்றா.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அன்றைக்குச் சந்தோசமாக இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பழி என் தலையிலிருந்து இறங்கி ஒரு பக்கற்றின் மேல் போய் உட்கார்ந்தது. இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். அன்றோடு எங்கள் வீட்டில் சோயா நின்றது.

ஒரு மாதத்தில் அதன் விலை தெரிந்தது. நாங்கள் கிழமைக்கு மூன்று நாள் சோயா சமைக்கிற ஆட்கள். மீனுக்கு வழியில்லாத நாட்களில் அதுதான் பிள்ளைகளுக்கு மீனும் முட்டையும். காய்ந்த சோயா மீற்றில் ஏறக்குறைய பாதி புரதம். பருப்பில் கால்வாசிதான். சோயா நின்ற பிறகு சம்பலும் தண்ணிப் பருப்பும் என்று நாட்கள் ஓடின. தாயில்லாத அந்தச் சின்னவளின் பள்ளிக்கூடச் சட்டை தோளில் தொளதொளத்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நித்திரை வரவில்லை.

கிளினிக்கில் ஒரு லேடி டொக்டர் இருந்தா. அவவிடம் போய், என் பிள்ளைப்பேற்று விசயத்தைக் கேட்காமல் சோயா விசயத்தைக் கேட்டேன். சிரிப்பா என்று பயந்தேன். சிரிக்கவில்லை. துண்டுக் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினா. அவ சொன்னதையும் பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சோயா அவரையில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் வடிவம் பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்திரோஜன் ஓமோனின் வடிவத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்தது. பூட்டுக்குள் போகிற மாற்றுத் திறப்பு மாதிரி. போகும், ஆனால் உண்மையான திறப்பைப் போலத் திறக்காது. மிகவும் பலவீனமானது. "பெண் ஓமோன் மாதிரி" என்ற இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆண்களுக்கு ஆகாது என்ற கதை கட்டப்பட்டது.

கதைக்கு இன்னொரு வேரும் உண்டு. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் குளோவர் என்ற ஒருவகைத் தீவனச் செடியையே மேய்ந்த செம்மறிகள் குட்டி போடாமல் போயின. அந்தச் செடியிலும் இப்படியான பொருள்தான், மிக அதிகமாக. நாளும் பொழுதும் அதையே மேய்ந்த ஆடுகள் அவை. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் பெண் ஆடுகள். அதை ஆண்களின் கதையாக்கியது யாரோ!

பேக்கரிப் பெடியள் சொன்ன அமெரிக்கச் செய்தி முழுப் பொய் இல்லை. 2008ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளில் 99 ஆண்களிடம் அவர்கள் சாப்பிட்டதைக் கேட்டு, விந்தையும் பரிசோதித்தார்கள். சோயா கூடச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு மில்லிலீற்றரில் உள்ள விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. ஆனால் அணுக்களின் அசைவிலோ வடிவத்திலோ விந்தின் அளவிலோ வித்தியாசம் இல்லை. அந்த ஆண்களில் பெரும்பாலானோர் உடற்பருமன் கூடியவர்கள். சோயாதான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. செய்தி போட்டவர்கள் முதல் வரியை மட்டும் போட்டார்கள். 2010இல் கனடாவில் 32 இளைஞர்களுக்குச் சோயாப் புரதத்தைக் கொடுத்தே பார்த்தார்கள். விந்தில் மாற்றம் இல்லை. 2015இல் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளில் 184 ஆண்களைப் பார்த்தபோது, ஆண் சோயா சாப்பிட்டதற்கும் கரு உண்டாவதற்கும் பிள்ளை பிறப்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. 2021இல் 41 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் ஆண் ஓமோனும் குறையவில்லை, பெண் ஓமோனும் கூடவில்லை. யப்பானிலும் சீனாவிலும் தலைமுறை தலைமுறையாகச் சோயாவைச் சாப்பிட்டுத்தான் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

அளவு மிஞ்சினால் எதுவும் எதுவாகும். அமெரிக்காவில் 60 வயது ஆண் ஒருவர் தினமும் ஏறத்தாழ மூன்று லீற்றர் சோயாப் பால் குடித்து மார்பு வீங்கி வைத்தியரிடம் போனார். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. நாங்கள் நாலு பேருக்கு ஒரு பக்கற் போட்டுக் குழம்பு வைக்கிறவர்கள்.

ஆண்களைப் பாதிக்கிற தாவரமே இல்லையா என்று டொக்டரிடம் கேட்டேன். இருக்கிறது என்றா. சீனாவில் 1950களில், பருத்தி விதையைச் சூடாக்காமல் ஆட்டிய எண்ணெயில் சமைத்த கிராமங்களில் பிள்ளைகள் பிறப்பது குறைந்தது. அந்த விதையில் கொசிப்போல் என்ற பொருள் இருந்தது. அதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்கலாம் என்று 1970களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு குறைந்தது உண்மை. ஆனால் சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. கைவிட்டுவிட்டார்கள். ஆகவே கேள்வி கேட்பது பிழையில்லை. சோயாவிடம் கேட்டார்கள், மறுமொழி கிடைத்துவிட்டது.

எல்லாம் சொல்லிவிட்டு டொக்டர் என்னைப் பார்த்து, "இதையெல்லாம் வீட்டில போய்ச் சொல்லாதேங்கோ" என்றா.

நான் திகைத்துப் போனேன்.

"சோயாவில அவருக்குச் சந்தேகமெண்டால் நல்லதுதானே. சோயா கெடுத்திருக்கோ இல்லையோ எண்டு பார்க்கலாம், வரச் சொல்லுங்கோ. உங்கட குறையைப் பார்க்க வேணும் எண்டால் வரமாட்டார். சோயாவின்ர குறையைப் பார்க்க வருவார்."

வந்தார். நாலு வருடமாக நான் மன்றாடி வராத மனிசன், சோயாவின் மேல் வழக்குப் பதிய வந்தார்.

ஆண்களுக்கான பரிசோதனை எவ்வளவு இலகுவானது என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஊசி இல்லை, நோ இல்லை. இரண்டு நாள் தொடக்கம் ஏழு நாள் வரை விலகியிருந்து, ஆய்வுகூடம் தரும் சுத்தமான போத்தலில் விந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆணுறையில் எடுத்து ஊற்றக் கூடாது. எடுத்ததில் ஒரு துளியும் வெளியே போகக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், குளிரவும் விடக்கூடாது. என் வயிற்றைக் கிண்டிப் பார்க்க முன்னர் இதைச் செய்திருக்கலாம். செலவும் எனக்குச் செய்ததில் ஒரு துண்டுதான்.

ஆய்வுகூடத்தில் எடுக்க அவருக்குக் கூச்சம். வீட்டில் எடுப்பதாக முடிவானது. மாமியைப் பிள்ளைகளோடு கோயிலுக்கு அனுப்பினேன். பிறகு மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு. எட்டுக் கிலோமீற்றர், அப்போது கிறவல் ரோட்டு. போத்தலைச் சட்டைப் பையில் வைத்தால் குளிர்ந்துவிடும், விழுந்தும் விடும். நான் வாங்கிச் சீலைக் கொய்யகத்துக்குள் வயிற்றோடு ஒட்டச் செருகிக்கொண்டு பின்னால் இருந்தேன். வழியில் தெரிந்த ஒருவர் மறித்து, "காலமையிலயே எங்க ரெண்டு பேரும்?" என்று கதை கொடுத்தார். என்னவர் வேர்த்துக் கொட்டி நின்றார். "பாங்குக்கு" என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமை! அந்த மனிசன் நாங்கள் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

றிப்போட்டில் 4 மில்லியன் என்றிருந்தது. ஒரு மில்லிலீற்றருக்குக் குறைந்தது 15 மில்லியன் இருப்பதை அப்போது உலக சுகாதார நிறுவனம் சாதாரண அளவின் கீழ் எல்லையாகச் சொல்லியிருந்தது. 2021இல் வந்த கைந்நூலில் அது 16. அசைவும் குறைவு. அவர் அந்தக் கடதாசியை மடித்து மடித்து விரலளவு ஆக்கிவிட்டார்.

டொக்டர் அவரிடம் நிறையக் கேள்வி கேட்டா. சின்னனில் அல்லது வளர்ந்த பிறகு கூகைக்கட்டு வந்ததா, ஷெல் பீஸ் எங்கேயாவது இருக்கிறதா, அடிவயிற்றில் காயமா, குடியா, புகையா, என்ன வேலை. போறணை என்றதும் பேனாவைக் கீழே வைத்தா. விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதன் காரணத்தை அன்றைக்குத்தான் இரண்டு பேரும் கேட்டோம். விந்தணு உருவாக, உடம்புச் சூட்டைவிட இரண்டு தொடக்கம் நாலு பாகை குறைந்த சூடு வேண்டும். இவர் நாலு வருடமாக இரவிரவாக இடுப்பளவில் நெருப்பின் வாய்க்கு முன்னால் நின்றிருக்கிறார். அதோடு பீடி, அதோடு பகல் நித்திரை. விதைப்பையில் நரம்பு வீங்கியிருக்கிறதா என்றும் சோதித்தா. அது பல ஆண்களுக்கு உண்டு, சத்திரசிகிச்சையால் சரிசெய்யவும் முடியும். இவருக்கு அது இல்லை.

"அப்ப சோயா?" என்று கேட்டார் இவர்.

"சோயாவை விட்டாலும் சரி, விடாட்டியும் சரி. போறணையையும் பீடியையும் விடுங்கோ."

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 72 நாட்கள் பிடிக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு முன்னர் திரும்பப் பரிசோதித்துப் பயனில்லை என்று சொல்லியனுப்பினா.

வேலையை விடுவது சின்னக் காரியம் இல்லை. இரண்டு கிழமை வீட்டில் வாய் பேசவில்லை. பிறகு வீட்டுத்திட்ட வேலைக்கு மேசன் உதவியாளாகப் போனார். சம்பளம் நாளாந்தம், மழை வந்தால் இல்லை. பீடியை உடனே விடவில்லை, குறைத்துக் குறைத்து விட்டார். என்னோடு எரிந்து விழுந்த நாட்கள் அவை. ஆனால் ஒரு இரவு, மாமி வழக்கம்போல மாட்டைப் பார்த்து ஏதோ சொன்னபோது, படுத்திருந்தவர் எழும்பி, "அம்மா, குறை என்னிலதான். அவளைச் சொல்லாதேங்கோ" என்றார். அவ்வளவுதான். திரும்பப் படுத்துவிட்டார். மாமி விளக்கைத் தணித்துவிட்டுப் போனா. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கள் வளவில் நான் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் 9 மில்லியன், ஆறு மாதத்தில் 17. சூடு குறைந்ததாலா, புகை நின்றதாலா, இரவில் நித்திரை கொண்டதாலா என்று பிரித்துச் சொல்ல டொக்டராலும் முடியவில்லை. இப்படி எல்லாருக்கும் ஏறும் என்றும் அவ சொல்லவில்லை. விந்தணுவே இல்லாத ஆண்களும் உண்டு, எதைச் செய்தும் ஏறாதவர்களும் உண்டு. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேரில் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது என்பதை மட்டும் அவ திரும்பத் திரும்பச் சொன்னா.

எங்கள் மகள் 2016 மாசியில் பிறந்தாள்.

மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா: "சோயாவை நிப்பாட்டினதாலதான் பிள்ளை வந்தது!" நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சோயா நின்றது உண்மைதான். ஆனால் மேசன் வேலையில் ஒப்பந்தகாரர் தருகிற மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் கிழமையில் நாலு நாள் சோயாக் கறிதானாம். மகளுக்கு முப்பத்தொன்று கழித்த பிறகுதான் எனக்குச் சொன்னார். "பசிக்குத் திண்டன், உன்னட்டச் சொன்னால் பேசுவாய் எண்டு சொல்லேல்லை" என்றார். நானோ, அவர் இல்லாத நேரம் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒளித்துச் சமைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். கர்ப்பமாக இருந்தபோது எனக்கு மாதாமாதம் தந்த திரிபோஷாவில் சோளத்தோடு சேர்ந்திருப்பதும் சோயாதான். அதைத் தின்னச் சொல்லி மாமியே கரைத்துத் தந்தா.

இந்த மாதிரிக் கதை ஒரு வீட்டுத் தட்டோடு நின்றால் பரவாயில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் சகோதரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அன்றிரவே கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தார். அது மாக்கட்டி. ஒரு தரம் சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் கிடையாது. முகாமின் தண்ணீர் வரிசையில் எங்களைப் பயப்படுத்திய அதே கதை, அங்கே வேறு ஆட்களின் கையில் கல்லாகவும் நெருப்பாகவும் போயிருந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் முன்பள்ளி வாசலில் நின்று சொல்ல முடியுமா? "பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது, நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னேன். சோயா சிலருக்கு ஒவ்வாமை செய்யும், பக்கற்றோடு வருகிற சுவைத்தூளில் உப்புக் கூட, அதை முழுதும் போட வேண்டாம், சோயாவைக் கொதிநீரில் ஊறவிட்டுப் பிழிந்து சமையுங்கள் என்றும் சொன்னேன். அரை மனதோடு சரி என்றாள். பொடியன் அந்த வியாழன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இரண்டு கிழமை கழித்துப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். வாளிகளைக் கவிழ்த்து வைக்க எனக்கு உதவி செய்தாள். அவளுடைய கணவர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை என்பது எனக்குத் தெரியும். மகனுக்குப் பிறகு நாலு வருடமாக ஒன்றும் தங்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் சோயாவை நிறுத்தி ஒரு வருடமாம். அவளை மட்டும் இரண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியாகிவிட்டதாம்.

"ரீச்சர், நீங்கள் அண்டைக்கு இவ்வளவு விளக்கமாச் சொன்னனீங்கள். ஆம்பிளையளுக்குச் செய்யிற அந்தச் சோதனை எங்க செய்யிறவை?"

இடத்தைச் சொன்னேன். எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். போத்தலை எங்கே செருக வேண்டும் என்று சொன்னபோது இரண்டு பேரும் சிரித்து, வாளி ஒன்று உருண்டு முற்றத்துக்குப் போய்விட்டது.